ஒரு பொட்டுத் துரு

மாமாவின் நூடுல்ஸ் கடையில் எந்த டெலிவரி ஸ்கூட்டரும் இரண்டு குளிர்காலத்துக்கு மேல் தாங்கியதில்லை. எங்கள் கொரிய மலையூரான தேபெக்கில் நவம்பர் பாதியிலேயே பனி விழத் தொடங்கிவிடும். விழுந்த கையோடு நகராட்சி லாரி வந்து சாலையெங்கும் உப்பைக் கொட்டிவிட்டுப் போகும். உப்பு பனியைக் கரைக்கும், பிறகு வண்டிகளைக் கரைக்கும். முதல் வருடம் சைலன்சர் போகும், இரண்டாம் வருடம் ஸ்டாண்டு. போன வண்டியின் ஸ்டாண்டு பல் டாக்டர் வாசலில் முறிந்து விழுந்து, மூன்று கிண்ணம் கறுப்பு நூடுல்ஸ் படிக்கட்டெல்லாம் ஓடியது. மாமா அதை அன்றே பழைய இரும்புக்குப் போட்டார்.

புது வண்டி நவம்பரில் வந்தது. சிவப்பு நிறம். கடை வாசலில் நிறுத்தி, நூல் சுற்றிய கருவாடு ஒன்றை இருக்கைக்கு அடியில் வைத்து, மாமா சக்கரங்களுக்கு அரிசிக் கள் ஊற்றினார். விபத்து வராமல் இருக்க எல்லோரும் செய்வதுதான். மதியச் சாப்பாட்டுக்கு வந்தவர்கள் வாயில் பல்குத்தியோடு வெளியே வந்து வேடிக்கை பார்த்தார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன்.

கள் சொட்டி முடிப்பதற்குள் கில்மன் துணியோடு குனிந்து சக்கரத்தைத் துடைக்க ஆரம்பித்துவிட்டான்.

"டேய், என்னடா பண்றே? சாமிக்கு ஊத்தினதைத் துடைக்கிறே?" என்றார் மாமா.

"புளிச்ச கள்ளு இரும்பைத் தின்னும் முதலாளி. சாமி ஒரு வாய் குடிச்சிருக்கும், போதும்."

எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார், ஆனால் அவர் காது மடல் சிவந்துவிட்டது. அது சிவந்தால் யாராவது அழப்போகிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

கில்மன், மாமாவின் கடையில் டெலிவரி ஆள். நாற்பத்திரண்டு வயது. சின்ன வயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்து மூக்கைத் தொலைத்தவன். பூண்டு கருகினாலும் சாக்கடை பொங்கினாலும் அவனுக்கு ஒன்றுதான். கடைக்குப் பின்னால் மாவு மூட்டைகள் அடுக்கிய அறையில்தான் படுப்பான். மூட்டை வந்து இறங்கும் நாளில் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு ஒதுங்க வேண்டும்.

"வண்டியைப் பத்தி உனக்குத்தான் எல்லாம் தெரியுமாக்கும்?" மாமா கூட்டத்தைப் பார்த்தபடி கேட்டார்.

"தெரியும். இந்த ஊர்ல யாருக்கும் வண்டி வச்சுக்கத் தெரியல. ஓட்டத்தான் தெரியும். என் கையில குடுங்க, ஒரு பொட்டுத் துரு இல்லாம வச்சிருந்து காட்டறேன்."

"ஒரு பொட்டு?"

"ஒரு பொட்டு."

"சரி. மார்ச்சுல தவளை முழிக்கிற நாள் வருதுல்ல, அன்னிக்கு வண்டியப் பிரிச்சுப் பாப்போம். ஒரு பொட்டுத் துரு இல்லேன்னா வண்டி உன் பேர்ல. இருந்துச்சு, மூட்டையக் கட்டிக்கிட்டுக் கெளம்பு. மெக்கானிக் தக்குதான் தீர்ப்புச் சொல்லணும். எல்லாரும் கேட்டுக்கோங்கப்பா!"

மெக்கானிக் தக் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தார். வாயிலிருந்து பல்குத்தியை எடுத்துவிட்டுத் தலையாட்டினார். கில்மன் துணியைப் பிழிந்துகொண்டே வண்டியைப் பார்த்தான். சொந்தமாக ஒரு வண்டி இருந்தால் மலையிறங்கி, பனியே விழாத கடற்கரை ஊருக்குப் போய், யாரிடமும் திட்டு வாங்காமல் பிழைக்கலாம் என்று அவன் அடிக்கடி சொல்லுவான். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். அன்று முதல் அவன் அதைச் சொல்வதை நிறுத்திவிட்டான். சிரிப்பதற்கு இனி ஒன்றுமில்லை என்பதுபோல.

கில்மனை நல்லவன் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

நான் பள்ளிக்கூடத்தை விட்டது எப்படி என்று கடையில் எல்லோருக்கும் தெரியும். ஒன்பதாம் வகுப்பில் டீச்சர் என்னை எழுப்பிப் பாடத்தை வாசிக்கச் சொன்னார். நான் எழுந்து நின்றேன். குரல் வரவில்லை. பின்பெஞ்சில் யாரோ "ஒண்ணு" என்றார்கள். பிறகு இன்னொருத்தி "ரெண்டு" என்றாள். அப்புறம் வகுப்பே சேர்ந்து எண்ணியது. இருநூற்றுப் பன்னிரண்டில் நான் கதவைத் திறந்துகொண்டு ஓடினேன். திரும்பப் போகவில்லை. அம்மா என்னைத் தன் அண்ணனின் இந்தக் கடையில் கொண்டுவந்து விட்டாள். அதிலிருந்து பாத்திரம் கழுவும் தொட்டிதான் என் இடம்.

அந்தக் கதையை மாமா ஒருமுறை சொல்லி வைத்தார். கில்மன் அதைப் பிடித்துக்கொண்டான். ஏதாவது கேட்டு நான் உடனே பதில் சொல்லாவிட்டால், கிண்ணம் கொண்டுபோகும் தகரப் பெட்டியின் மேல் விரலால் தட்டி எண்ண ஆரம்பிப்பான்.

"ஏய் ஊமைச்சி, மஞ்ச முள்ளங்கி வச்சியா? ஒண்ணு... ரெண்டு... மூணு..."

மேசையில் இருப்பவர்களும் சேர்ந்துகொள்வார்கள். நான் முள்ளங்கிக் கிண்ணத்தைத் தூக்கிக் காட்டிவிட்டு உள்ளே ஓடுவேன்.

ஆனால் வண்டியிடம் அவன் வேறு ஆள். டெலிவரி முடிந்து ஒவ்வொரு முறை வரும்போதும், சாப்பிட்டவர்கள் வாசல்களில் வைத்திருக்கும் காலிக் கிண்ணங்களைச் சேகரித்துக்கொண்டு வந்து இறக்கியதும், பின்சந்துக் குழாயடிக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போவான். முதலில் பச்சைத் தண்ணீரை அடியிலிருந்து மேலாக அடிப்பான். மட்கார்டின் உள்பக்கம், ஸ்டாண்டின் மடிப்பு, ஸ்பிரிங்கின் ஒவ்வொரு சுற்று. துணியால் ஒற்றி எடுப்பான். எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு அந்தச் சூட்டிலேயே உலர்த்துவான். மலைமேல் சாமி கும்பிடுகிறவர்கள் எரித்து மிச்சம் விட்ட மெழுகுவத்தித் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து போல்ட்டுகளின் தலையில் தேய்ப்பான். டப்பாவில் அடைத்த எண்ணெயை அடிப்பக்கம் முழுக்கப் பீய்ச்சுவான். பிரேக் வட்டில் ஒரு துளி படாமல் அதை மட்டும் பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்டிவிடுவான்.

"சாமி மெழுகைத் திருடி வண்டிக்குப் பூசுறான்" என்பார் மாமா. ஆனால் கிறிஸ்துமஸ் வரைக்கும் அந்த வண்டியில் ஒரு பொட்டுகூட இல்லை. மாமா தினமும் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்வார். காது சிவந்திருக்கும்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் பின்சந்துக் குழாய் உறைந்தது. பெட்ரோல் பங்கில் வண்டி கழுவும் இடத்தையும் குளிர் முடியும்வரை மூடிவிட்டார்கள். மதியக் கூட்டம் கலைந்ததும் கில்மன் சமையலறை வாசலில் வந்து நின்றான். அவன் உள்ளே வரக் கூடாது என்பது மாமாவின் சட்டம்.

"முதலாளி, ரெண்டு வாளி தண்ணி."

"சமையல்கட்டுத் தண்ணி வண்டிக்கு இல்ல."

"உப்பு அப்படியே ஒட்டிக்கிட்டு நிக்குது முதலாளி. பச்சத் தண்ணிகூடப் போதும்."

மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு அடுப்புப் பக்கம் திரும்பிப் பார்த்தார். நூடுல்ஸ் வேகும் பெரிய பானை கொதித்துக்கொண்டிருந்தது. காது மடல் மெல்ல வெளுத்தது.

"பச்சத் தண்ணி எதுக்குடா? உறைஞ்சு போயிடும். வெந்நீரே தரச் சொல்றேன், போ. இவ கொண்டாந்து குடுப்பா."

கில்மன் நம்பாமல் அவர் முகத்தைப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்து வணங்கிவிட்டுப் போனான்.

மாமா என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "பானையிலேர்ந்து மொண்டு குடு."

நான் பானையைப் பார்த்தேன். எங்கள் நூடுல்ஸ் மாவில் உப்பும் சோடாவும் போட்டுப் பிசைவார்கள். காலையிலிருந்து இருநூறு கிண்ணத்துக்கு வெந்த தண்ணீர் அது. மதியத்துக்குள் மஞ்சளாகிக் கஞ்சிபோல் தடித்துவிடும். மூன்று மாதத்துக்கு ஒரு அலுமினியக் கரண்டியை அந்தப் பானை தின்றுவிடும். வெள்ளை வெள்ளையாகப் பொடி பூத்து, ஓட்டை விழுந்து போகும். அந்தக் கரண்டிகளைத் தேய்க்கிறவள் நான்.

"என்ன முழிக்கிறே? தெரியும்ல உனக்கு? தெரிஞ்சவதான் செய்யணும். பாதிக்குப் பாதி தண்ணி கலந்துக்கோ, அப்பத்தான் தெரியாது." பிறகு இன்னும் தாழ்ந்த குரலில், "கில்மன் போயிட்டா டெலிவரிக்கு ஆள் வேணும். உனக்குப் பதினேழு ஆச்சு. லைசென்ஸ் எடுத்துத் தரேன். யாருகிட்டயும் பேச வேணாம். கிண்ணத்த வாசல்ல வச்சு, மணி அடிச்சுட்டு வந்துடலாம். இந்தத் தொட்டிக்கு வேற யாரையாவது போட்டுக்கறேன்."

என் கைகளைப் பார்த்தேன். அந்தக் குளிர்காலத்தில் விரல் இடுக்கெல்லாம் வெடித்து, காரமான மிளகாய்ச் சூப் கிண்ணத்தைக் கழுவும்போது கண்ணில் தண்ணீர் வரும். சிவப்பு வண்டியில் காற்று முகத்தில் அடிக்க, எவனும் எண்ணாத ஒரு சாலையில் போவதை நினைத்தேன். வாளியை எடுத்தேன்.

சந்தில் ஆவி பறந்தது. கில்மன் வாளிக்குள் எட்டிப் பார்த்தான்.

"என்ன இது வெள்ளையா இருக்கு? சோப்புப் போட்டியா?"

நான் தலையாட்டினேன்.

"பலே! ஊமைச்சிக்கு மூளை இருக்கே. சோப்புன்னா உப்பு இன்னும் நல்லாப் போகும்." மூக்கை வாளிக்கு மேலே நீட்டி ஆவியை இழுத்தான், வாசனை பிடிப்பதுபோல. அவனுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. "சூடான தண்ணிடா கண்ணு" என்றான். என்னிடம் இல்லை, வண்டியிடம்.

கால் வைக்கும் பலகைக்கு அடியில்தான் அவன் அதிகமாக ஊற்றுவான். அங்கே துணி எட்டாது. அந்த இடத்துக்கு எண்ணெயும் சரியாகப் போய்ச் சேராது. அதனால் அதற்கு மட்டும் முழுதாக ஒரு வாளி.

ஜனவரி முழுக்க, பிப்ரவரி முழுக்க, தினமும் மூன்று மணிக்கு நான் இரண்டு வாளி கொண்டுபோனேன். ஒரு நாள் சந்தில் வழுக்கி வாளி சரிந்து என் மணிக்கட்டு வெந்துவிட்டது. கில்மன் ஓடிவந்து என் கையைப் பிடித்துப் பனிக்குள் அமுக்கினான். "கத்தேன்டி! சுட்டாக்கூடவா கத்த மாட்டே?" என்று சிரித்தான். பிறகு தன் கையுறை ஒன்றைக் கழற்றி, அதற்குள் பனியை அடைத்து, மணிக்கட்டில் கட்டிவிட்டான். அன்று சாயங்காலம் முழுக்க ஒற்றைக் கையுறையோடு டெலிவரிக்குப் போனான். நான் அன்று இரவு படுத்துக்கொண்டு, நாளைக்குப் பச்சைத் தண்ணீர்தான் கொண்டுபோக வேண்டும் என்று நினைத்தேன்.

மறுநாள் மதியம் கடை நிறைய ஆட்கள். "ஊமைச்சிக்கு நேத்து கை வெந்துச்சு, அப்பகூட வாயத் தொறக்கல! நான் நாப்பது வரைக்கும் எண்ணிப் பாத்தேன்" என்று கில்மன் எல்லோருக்கும் சொன்னான். எண்ணவே இல்லை அவன். மேசைகள் குலுங்கின.

மூன்று மணிக்கு நான் தண்ணீர் கலக்காமல் பானையிலிருந்து அப்படியே மொண்டேன்.

தவளை விழிக்கும் நாள் வந்தது. எங்கள் ஊரில் அன்று எந்தத் தவளையும் விழிக்காது. ஓடையே உறைந்துதான் கிடக்கும். மதியச் சாப்பாடு முடிந்ததும் மாமா கடைக் கதவைச் சாத்திவிட்டு வண்டியை உள்ளேயே கொண்டுவரச் சொன்னார். மேசைகளை ஒதுக்கி நடுவில் நிறுத்தினார்கள். பதினைந்து பேர் இருந்தார்கள். வண்டி பளபளவென்று இருந்தது. சைலன்சரில் முகம் தெரிந்தது. கில்மன் முடி வெட்டிக்கொண்டு வந்திருந்தான். மாவு மூட்டை அறையில் அவன் பை கட்டி வைத்திருந்தது. தோற்றால் போக வேண்டும், ஜெயித்தாலும் போகப்போகிறான்.

மெக்கானிக் தக் மண்டியிட்டுப் பார்த்தார். மட்கார்டைத் தட்டினார். ஸ்டாண்டின் மடிப்பில் விரலை விட்டுப் பார்த்தார். "அட! போல்ட்டெல்லாம் நேத்து வாங்கின மாதிரி இருக்கே" என்றார். கூட்டத்தில் யாரோ கை தட்டினார்கள். கில்மன் வாயை மூட முடியாமல் சிரித்தான்.

"பலகையக் கழட்டிப் பாரு" என்றார் மாமா.

நான்கு திருகுகள். கால் வைக்கும் பலகையைத் தூக்கியதும் தக் தலையைச் சாய்த்து உள்ளே பார்த்தார். எல்லோரும் குனிந்தார்கள். அடியில் இருந்த இரும்புக் குழாய் பழுப்பும் கறுப்புமாக, ஈரமான மரப்பட்டைபோல் உரிந்திருந்தது. அதன்மேல் வெள்ளையாக ஒரு தோல் காய்ந்து படிந்திருந்தது. தக் திருப்புளி நுனியால் தொட்டார். துரு பொலபொலவென்று தரையில் கொட்டியது.

"பொட்டு இல்லப்பா இது" என்றார் மாமா. "ஒரு மாநிலமே இருக்கு இங்க."

ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும். கில்மன் சிரிக்கவில்லை. மெல்ல உட்கார்ந்தான். அந்த வெள்ளைத் தோலை நகத்தால் பிய்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். மூக்கில் வைத்தான், பழக்கதோஷம். பிறகு நாக்கில் வைத்தான்.

அவன் மூக்குதான் செத்தது, நாக்கு இல்லை. எங்கள் கடை நூடுல்ஸைப் பதினோரு வருடமாகத் தின்கிறவன். மென்றான். விழுங்கினான். நிமிர்ந்து மாமாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான்.

"இவதான் தண்ணி கொண்டாந்தா" என்றான். குரல் மெதுவாக இருந்தது. "தக் அண்ணே, இவளக் கேளுங்க. என்ன தண்ணின்னு சொல்லட்டும். நூடுல்ஸ் தண்ணியா இருந்தா பந்தயம் செல்லாதுல்ல?"

"செல்லாது" என்றார் தக். "வேணும்னே பண்ணினா, வண்டி உன்னுது. சொல்லும்மா, என்ன தண்ணி?"

பதினைந்து முகங்கள் என் பக்கம் திரும்பின. மாமா என்னைப் பார்க்கவே இல்லை. மேசைமேல் இருந்த வினிகர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். அவ்வளவு நிச்சயம் அவருக்கு.

சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன். இதை எழுதும்போதும் அப்படித்தான் தோன்றுகிறது. கில்மனின் வெறும் கை, பனி அடைத்த அந்தக் கையுறை, எல்லாம் நினைவில் இருந்தது. நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டியது. சொல் வந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் வேண்டும், அவ்வளவுதான்.

கில்மனால் பொறுக்க முடியவில்லை. அவன் விரல் வண்டியின் இருக்கையில் தட்ட ஆரம்பித்தது. வேண்டுமென்று செய்யவில்லை என்றுதான் நினைக்கிறேன். பழகிப்போன விரல்.

"சொல்லேன்டி. ஒண்ணு... ரெண்டு..."

"மூணு" என்றது கூட்டம், உற்சாகமாக. "நாலு! அஞ்சு!"

"எண்ணாதீங்கப்பா!" என்று கில்மன் கத்தினான். யாரும் கேட்கவில்லை. ஒன்பதுக்கு வந்துவிட்டார்கள்.

"வெந்நீர்" என்றேன்.

கணீரென்று வந்தது. எனக்கே ஆச்சரியம். அந்தக் கடையில் என் குரலை அவர்கள் அவ்வளவு தெளிவாகக் கேட்டது அதுதான் முதல்முறை. சிலர் கை தட்டினார்கள், நான் பேசிவிட்டேன் என்பதற்காக.

கில்மன் பையை எடுத்துக்கொண்டு வந்தான். தக் அவன் தோளைத் தொட வந்தபோது விலகிக்கொண்டான். எண்ணெய் டப்பாவையும் மெழுகுத் துண்டுகள் போட்ட காகிதப் பையையும் மேசைமேல் என் முன்னால் வைத்தான்.

"வண்டி இனிமே உனக்குத்தானே?" என்றான். "பாத்துக்கோ."

அது சாபமா, சொல்லிக்கொடுப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. கதவைச் சாத்தாமல் போனான். குளிர் உள்ளே வந்தது. "கதவச் சாத்துடா மடையா!" என்று மாமா கத்தினார், வேலையை விட்டுப் போனவனைப் பார்த்து.

மாமா சொன்னபடி லைசென்ஸ் எடுத்துக் கொடுத்தார். தொட்டிக்கு வேறு ஆள் மட்டும் போடவில்லை. டெலிவரி இல்லாத நேரம் நான்தான் கழுவுகிறேன்.

பலகையை மறுபடி திருகி மூடியாயிற்று. மேலே நின்றால் ஒன்றும் தெரியாது. ஆனால் ஆஸ்பத்திரி இறக்கத்தில் இறங்கும்போது, பிரேக்கைப் பிடித்தால், என் பாதத்துக்குக் கீழே ஏதோ முனகும். அந்தக் குழாய்தான் வண்டியின் முன்பாதியையும் பின்பாதியையும் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று தக் ஒருமுறை சொன்னார். "மெதுவாப் போம்மா" என்றார். அதோடு நிறுத்திக்கொண்டார். அவரும் தினமும் எங்கள் கடையில் சாப்பிடுகிறவர்.

மார்ச் கடைசியில் மறுபடி பனி கொட்டியது. ஆஸ்பத்திரி இறக்கத்தில் நகராட்சி லாரி நின்றிருந்தது. பின்னால் ஏறி நின்று ஒருவன் மண்வெட்டியால் உப்பை வாரி இறைத்துக்கொண்டிருந்தான். ஆரஞ்சு நிறச் சட்டை, முகத்தில் துணி. கில்மன்தான். நிற்கிற விதத்திலேயே தெரிந்தது. நான் அவனைக் கடந்து போகும்போது அவன் வண்டியை மட்டும் பார்த்தான், பலகை இருக்கும் இடத்தை. நன்றாகக் குவித்து ஒரு மண்வெட்டி உப்பை அள்ளி, என் சக்கரத்துக்கு நேராக வீசினான். பிறகு இன்னொன்று.

கடைக்கு வந்தபோது வண்டியின் அடிவயிறு முழுக்க வெள்ளையாக இருந்தது. எண்ணெய் டப்பாவை எடுத்து அமுக்கினேன். காற்றுதான் வந்தது. அவன் கடைசிச் சொட்டு வரைக்கும் அடித்துத் தீர்த்திருந்தான். குழாயைத் திருகிப் பார்த்தேன், மறுபடி உறைந்திருந்தது. சமையலறை வாசலுக்குப் போனேன். டெலிவரி ஆள் உள்ளே வரக் கூடாது என்ற சட்டம் எனக்கும்தான், பாத்திரம் கழுவும் நேரம் தவிர.

"மாமா, ரெண்டு வாளி தண்ணி."

"எதுக்கு?"

"உப்பு."

மாமா மாவை மேசையில் அறைந்துகொண்டே அடுப்புப் பக்கம் தாடையை நீட்டினார். "அதான் பானை கொதிக்குதே. மொண்டுக்கோ."

"அது துருப்பிடிக்கும் மாமா. குழாய் ஒடிஞ்சுடும். நான்தானே அதுமேல..."

இவ்வளவு நீளமாக நான் அவரிடம் பேசியதே இல்லை. மாமா கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு உண்மையான சந்தோஷத்தோடு சிரித்தார்.

"இப்ப மட்டும் வாய் வருதே! நீதான சொன்னே, அது வெந்நீருன்னு. பதினஞ்சு பேர் கேட்டாங்க." மாவு மறுபடி மேசையில் விழுந்தது. "அடுத்த குளிருக்கு ஓடினாப் போதும், அப்புறம் வேற வண்டி. சீக்கிரம் போ. பல் டாக்டர் வீட்டுக்கு ரெண்டு கிண்ணம், ஆறிடும்."

வாளியில் மொண்டேன். பாதிக்குப் பாதி கலக்கவும் மாமா தண்ணீர் தரவில்லை. சந்தில் ஆவி பறந்தது. மண்டியிட்டு, பலகைக்கு அடியில் ஊற்றினேன். உப்பு போயிற்று. பழுப்பாக ஒரு நீர் பனியில் ஓடியது. அது நிற்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை எண்ணியும் நிற்கவில்லை.

உள்ளேயிருந்து மாமா மணியடித்தார். கிண்ணங்களைத் தகரப் பெட்டியில் வைத்தேன், வண்டியில் ஏறினேன்.